சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு: தூரமும் நேரமும் மார்க்கச் சட்டங்களும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



சூரா அந்நஹ்லில் அல்லாஹு தஆலா கால்நடைகளை நமக்கு அளித்த அருட்கொடையாக நினைவூட்டுகிறான். உடல் வருந்தாமல் சென்றடைய முடியாத ஊர்களுக்கு அவை உங்கள் சுமைகளைச் சுமந்து செல்கின்றன என்கிறான். குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கூறிவிட்டு, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று முடிக்கிறான். (16:7,8) அன்று இந்த வசனத்தைக் கேட்டவர்கள் அறியாத வாகனங்கள் எத்தனையோ இன்று நம் கண்முன் இருக்கின்றன. கடலுக்கு மேலே பறக்கும் விமானமும் அதில் அடங்கும் என்று இக்கால விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள்.

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஹள்ரத், எத்தனை மணி நேரப் பயணம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது எளிது. அந்தச் சில மணி நேரத்துக்குள் நம் தொழுகைக்கும் நோன்புக்கும் இஹ்ராமுக்கும் என்னென்ன நடக்கிறது என்பதைத்தான் பலரும் கேட்பதில்லை. இன்றைய ஜும்ஆவில் அதைப் பாடமாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

தூரம் எவ்வளவு? நேரம் எவ்வளவு?

சென்னை விமான நிலையத்துக்கும் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 4,440 கிலோமீட்டர். விமானம் தென்னிந்தியாவைக் குறுக்காகக் கடந்து, இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியான அரபிக்கடலைத் தாண்டி, அரேபியத் தீபகற்பத்துக்குள் கிழக்குப் பக்கமாக நுழைந்து, மேற்குக் கரையில் இருக்கும் ஜித்தாவில் இறங்குகிறது. இடையில் எங்கும் இறங்காத விமானத்தில் போக சுமார் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது அரை மணி அளவுக்குக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று, போகும்போது எதிர்க்காற்றாகவும் வரும்போது பின்காற்றாகவும் அமைவதே இதற்குக் காரணம். வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறிச் சென்றால் காத்திருக்கும் நேரமும் சேர்ந்துகொள்ளும்.

ஜித்தா கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே பகல் 2 மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தால் நமக்கு இரவு 8 மணி. அங்கே மாலை 5.30தான் ஆகியிருக்கும்.

பழைய கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் நடக்கும் தூரத்தை ஒரு மர்ஹலா என்பார்கள். அது ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் 4,440 கிலோமீட்டர் என்பது ஓய்வே இல்லாமல் 111 நாள் பயணம்! உயரத்தில் சீராகப் பறக்கும்போது விமானம் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் போகிறது. முன்னோர்கள் இரண்டு நாள் நடந்த தூரத்தை நாம் ஆறே நிமிடத்தில் கடக்கிறோம்.

கப்பல் தந்த பாடம்

நம் பாட்டனார்கள் காலத்தில் ஹஜ் பயணம் கப்பலில்தான். தமிழகத்திலிருந்து ரயிலில் பம்பாய் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி சுமார் 2,300 கடல் மைல். கப்பலில் ஒரு வாரத்துக்கும் மேல் கழியும். 1995இல்தான் அந்தக் கப்பல் பயணம் இந்தியாவில் நின்றுபோனது.

அந்தப் பயணத்தில் கஷ்டம் அதிகம். ஆனால் ஒரு பலனும் இருந்தது. கப்பலில் ஆலிம்கள் இருப்பார்கள். தினமும் பாடம் நடக்கும். இஹ்ராம் என்றால் என்ன, தவாஃப் எப்படி, ஸஃயு எப்படி என்று கேட்டுக் கேட்டுப் பழகுவதற்கு நாட்கள் கிடைத்தன. மீகாத் நெருங்கும்போது குளித்து, இஹ்ராம் உடுத்தி, தொழுது, நிதானமாக நிய்யத் வைப்பதற்கு மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது.

விமானத்தில் அந்த அவகாசம் இல்லை. ஏறி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஜித்தா வந்துவிடும். கப்பலில் கற்றுக்கொண்டதை இன்று வீட்டிலேயே கற்றுக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

வேகம் மாறியது, சட்டம் மாறவில்லை

பயணம் தொடர்பான மார்க்கச் சட்டங்கள் மூன்று விஷயங்களோடு கட்டப்பட்டுள்ளன.

முதலாவது, தூரம். தொழுகையைச் சுருக்குவது இதனோடு சேர்ந்தது.
இரண்டாவது, சூரியன். தொழுகை நேரமும் நோன்பும் இதனோடு சேர்ந்தவை.
மூன்றாவது, இடம். கிப்லாவும் இஹ்ராமின் எல்லையும் இதனோடு சேர்ந்தவை.

இந்த மூன்றில் எதையும் விமானம் மாற்றவில்லை. 4,440 கிலோமீட்டர் இன்றும் 4,440 கிலோமீட்டர்தான். சூரியன் தன் பாதையில்தான் போகிறது. மீகாத் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அவற்றை நாம் கடக்கும் வேகம் மட்டுமே மாறியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தூரமும் கஸ்ரும்

"குளிர்சாதன வசதியோடு உட்கார்ந்து போகிறோம். ஆறு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இதில் என்ன சிரமம்? எதற்குத் தொழுகையைச் சுருக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

இதே போன்ற கேள்வி ஸஹாபாக்கள் காலத்திலேயே எழுந்தது. எதிரிகளின் தாக்குதலுக்கு அஞ்சினால் தொழுகையைச் சுருக்குவது குற்றமில்லை என்று குர்ஆன் கூறுகிறது. (4:101) இப்போது மக்கள் அச்சமின்றி இருக்கிறார்களே, இனியும் ஏன் சுருக்க வேண்டும் என்று யஃலா பின் உமைய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். உமர் (ரலி) அவர்கள், உங்களுக்கு ஏற்பட்ட வியப்பு எனக்கும் ஏற்பட்டது, நபி (ஸல்) அவர்களிடமே கேட்டேன் என்றார்கள். இது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தர்மம், அவனது தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். (முஸ்லிம்)

ஆகவே, கஸ்ர் என்பது களைப்பை அளந்து தரப்படும் சலுகை அல்ல. பயணத் தூரம் சுமார் 80 கிலோமீட்டர் என்ற அளவை எட்டிவிட்டால் போதும். மத்ஹபுகளின் கணக்கில் இது சிறிது கூடும், குறையும். அந்தத் தூரத்தை ஒட்டகத்தில் போனாலும் விமானத்தில் போனாலும் அவர் முஸாஃபிர்தான். ஹனஃபீ மத்ஹபில் முஸாஃபிர் நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகத் தொழுவது வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் அது அனுமதி.

ஒரு முக்கியமான மஸ்அலாவைக் கவனியுங்கள். சலுகை ஆரம்பமாவது பயணச்சீட்டு கையில் வந்ததும் அல்ல, விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் அல்ல. சொந்த ஊரின் எல்லையைக் கடந்த பிறகுதான். சென்னைவாசிக்கு மீனம்பாக்கம் ஊரோடு ஒட்டிய பகுதி. அவர் விமான நிலையத்தில் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த சென்னைவாசி அங்கே அஸரை முற்படுத்தி ஜம்உ செய்யவும் முடியாது. நெல்லையிலிருந்தோ நாகூரிலிருந்தோ வந்தவர் ஏற்கனவே முஸாஃபிர் ஆகிவிட்டார். அதே இடத்தில் அவர் கஸ்ர் செய்வார். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் தொழுதால் அதில் குழப்பம் ஒன்றுமில்லை.

போய்ச் சேர்ந்த பிறகு, ஒரே ஊரில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணமிருந்தால் ஹனஃபீ மத்ஹபில் கஸ்ர் தொடரும். ஷாஃபிஈ மத்ஹபில் போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுமையாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணமிருந்தால் கஸ்ர் இல்லை. ஊர்வாசியான இமாமைப் பின்பற்றித் தொழும்போது இரு மத்ஹபிலும் முழுமையாகவே தொழ வேண்டும்.

2. சூரியனும் தொழுகை நேரமும்

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை. (4:103) அந்த நேரம் நம் கைக்கடிகாரத்தோடு கட்டப்படவில்லை, நாம் இருக்கும் இடத்தில் சூரியன் இருக்கும் நிலையோடு கட்டப்பட்டிருக்கிறது.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் சுமார் 41 பாகை. சூரியன் ஒரு பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகிறது. 41ஐ 4ஆல் பெருக்கினால் 164 நிமிடம். அதாவது, சென்னையில் உச்சிக்கு வந்த சூரியன் ஜித்தாவில் உச்சிக்கு வர சுமார் 2 மணி 44 நிமிடம் ஆகும். கடிகாரம் காட்டும் இரண்டரை மணி நேரம் அரசாங்கம் வகுத்த கணக்கு. தொழுகைக்கு உரியது சூரியக் கணக்கு.

இதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஜித்தாவுக்குப் போகும்போது விமானம் மேற்கே, சூரியன் போகும் திசையிலேயே போகிறது. சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை போனால், விமானம் அதில் பாதி அளவு கூடவே போகிறது. அதனால் வானத்தில் ஒவ்வொரு தொழுகை நேரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். தரையில் ஃபஜ்ரு நேரம் ஒன்றேகால் மணி என்றால், மேற்கே போகும் விமானத்தில் அது இரண்டரை மணி நேரத்தை நெருங்கலாம்.

திரும்பி வரும்போது இது தலைகீழாகிவிடும். விமானம் சூரியனுக்கு எதிரே வருகிறது. தரையில் ஒன்றேகால் மணி நேரம் இருக்கும் ஃபஜ்ரு வானத்தில் சுமார் 50 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதுமட்டுமல்ல, பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரியும். தரையில் இருப்பவரைவிடப் பத்து நிமிடங்களுக்கும் முன்னதாகவே அவருக்குச் சூரியன் உதித்துவிடும். ஆக, மிஞ்சுவது அரை மணிக்குச் சற்றுக் கூடுதலான நேரமே!

உம்ரா முடித்துப் பாவங்கள் மன்னிக்கப்பட்ட நம்பிக்கையோடு திரும்பும் பயணத்திலேயே ஒரு ஃபஜ்ரு களாவாகிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! இரவில் ஜித்தாவிலிருந்து புறப்படுகிறவர்கள், "இறங்கித் தொழுதுகொள்ளலாம்" என்று தூங்கிவிடக் கூடாது. சென்னையில் இறங்கும்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கூட்டத்தில் ஒருவராவது விழித்திருந்து, கிழக்கே ஜன்னல் வழியாக வெளுப்பு தெரிகிறதா என்று பார்த்து மற்றவர்களை எழுப்ப வேண்டும்.

நோன்பாளியின் நிலை

நோன்புக்கும் இதே கணக்குதான். ரமளானில் பகலில் ஜித்தாவுக்குப் பறப்பவரின் நோன்பு நீளும். சென்னையில் மஃரிப் ஆகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்து விமானத்தில் நோன்பு திறக்கக் கூடாது. ஜன்னலில் சூரியன் தெரிகிறது என்றால் அவருக்கு இன்னும் மஃரிப் ஆகவில்லை. கீழே இருக்கும் ஊரில் சூரியன் மறைந்திருந்தாலும், உயரத்தில் இருக்கும் அவர் தன் கண்ணுக்கு மறையும் வரை காத்திருக்க வேண்டும்.

பயணிக்கு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு நோற்கும் சலுகை உண்டு. (2:185) ஆனால், ஃபஜ்ரு நேரத்தில் சொந்த ஊரில் இருந்து, நோன்பைத் தொடங்கிவிட்டு, பிறகு புறப்பட்டவர் அன்றைய நோன்பை விடக் கூடாது என்பதே நம் இரு மத்ஹபுகளின் நிலையும். ஃபஜ்ருக்கு முன்பே ஊர் எல்லையைக் கடந்தவருக்கே அன்று சலுகை உண்டு. விமானம் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைப் பார்த்து இதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

3. விமானத்தில் கிப்லா

சென்னையில் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது. ஜித்தாவும் மக்காவும் அருகருகே இருப்பதால், ஜித்தா நோக்கிப் பறக்கும் விமானத்தின் மூக்கு பயணத்தின் பெரும்பகுதியில் கிப்லாவை ஒட்டியே இருக்கும். சுப்ஹானல்லாஹ்! முன்னோக்கி நின்றாலே ஏறக்குறைய கிப்லா கிடைத்துவிடுகிறது. கடைசி நேரத்தில் விமானம் இறங்குவதற்காகத் திரும்பும்போது மட்டும் இது மாறும். திரும்பி வரும் பயணத்தில் கிப்லா விமானத்தின் வால் பக்கம். அப்போது இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்து தொழுதால் கிப்லாவுக்கு முதுகு காட்டியதாகிவிடும்!

விமானத்தில் எப்படித் தொழுவது? இறங்கிய பிறகு நேரம் மிச்சமிருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் இறங்கித் தொழுவதே மேல. ஆனால் குளிர்காலத்தில் ஜித்தாவில் 5.30க்கு இறங்கினால் மஃரிபுக்குச் சில நிமிடங்களே இருக்கும். குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வருவதற்குள் அஸர் போய்விடும். அதுபோன்ற நேரங்களில் விமானத்திலேயே தொழுதுவிட வேண்டும். பணியாளர்களிடம் அனுமதி கேட்டு, பின்பக்கம் உள்ள காலி இடத்தில் நின்று, கிப்லாவை முன்னோக்கி, ருகூஉ ஸுஜூதோடு தொழ முடிந்தால் தொழுகை நிறைவேறிவிடும். அதற்கு வழியே இல்லாவிட்டால் நேரத்தின் கண்ணியத்துக்காக முடிந்தபடி தொழுதுவிட்டு, இறங்கிய பிறகு மீண்டும் தொழுதுகொள்வது பேணுதலான வழி. "இடமில்லை" என்று சொல்லித் தொழுகையை விட்டுவிட மட்டும் வழியில்லை.

விமானம் ஏறுமுன் உளூ செய்துகொள்ளுங்கள். உள்ளே உளூ செய்ய நேர்ந்தால் தண்ணீரைக் கொட்டிக் கழிவறையை நனைத்துப் பிறருக்குத் தொல்லை தராதீர்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில் உளூ செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது ஒரு லிட்டருக்கும் குறைவு.

4. மீகாத் எனும் எல்லை

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மற்றவற்றில் தவறினால் களா செய்துகொள்ளலாம். இதில் தவறினால் திரும்பிப் போக வேண்டும் அல்லது பரிகாரம் கொடுக்க வேண்டும்.

மதீனாவாசிகளுக்கு துல்ஹுலைஃபா, ஷாம்வாசிகளுக்கு ஜுஹ்ஃபா, நஜ்துவாசிகளுக்கு கர்னுல் மனாஸில், யமன்வாசிகளுக்கு யலம்லம் என நபி (ஸல்) அவர்கள் எல்லைகளை நிர்ணயித்தார்கள். அவை அந்தந்த ஊராருக்கும், ஹஜ் உம்ராவை நாடி அவ்வழியே வரும் பிற ஊராருக்கும் உரியவை என்றும் கூறினார்கள். (புகாரி, முஸ்லிம்)

அந்த வழியே நேராகப் போகாதவர் என்ன செய்வது? உமர் (ரலி) அவர்கள் காலத்தில் பஸராவும் கூஃபாவும் உருவானபோது அம்மக்கள், கர்ன் எங்கள் வழியில் இல்லை, அங்கே போவது சிரமம் என்று முறையிட்டார்கள். உங்கள் வழியில் அதற்கு நேராக உள்ள இடத்தைப் பாருங்கள் என்ற கருத்தில் பதில் சொல்லி, தாது இர்க்கை நிர்ணயித்தார்கள் உமர் (ரலி) அவர்கள். (புகாரி) விமானப் பயணிக்கு இந்தத் தீர்ப்பே அடிப்படை. மீகாத்தின் மேலாகவோ அதற்கு நேராகவோ வானத்தில் கடந்தாலும் அது மீகாத்தைக் கடந்ததுதான்.

நம் பழைய ஹஜ் நூல்களில் இந்தியர்களின் மீகாத் யலம்லம் என்று இருக்கும். கப்பலில் தெற்கிலிருந்து செங்கடல் வழியாக வந்தவர்களுக்கு அது சரி. நம் விமானங்களோ பொதுவாக அரேபியாவின் உட்பகுதி வழியாகக் கிழக்கிலிருந்து வருகின்றன. தாயிஃபுக்கு அருகே, இன்று அஸ்ஸைலுல் கபீர் எனப்படும் கர்னுல் மனாஸிலின் எல்லையைக் கடந்த பிறகே ஜித்தாவை அடைகின்றன. அது மக்காவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

"ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டலாமே, அப்படியும் கருத்து இருக்கிறதே?" என்று கேட்கலாம். யமனிலிருந்து கடல் வழியாக வருபவர் ஜித்தா வரை தாமதிக்கலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) கூறியிருக்கிறார்கள். அதில் மற்ற அறிஞர்கள் கருத்து வேறுபாடு கொண்டார்கள். அவர்கள் பேசியது கடல்வழிப் பயணியைப் பற்றி. கர்ன் எல்லையை உள்நாட்டு வான்வழியே தாண்டி வருபவருக்கு அதை ஆதாரமாக்க முடியாது. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், விமானத்திலும் கப்பலிலும் வருவோர் மீகாத்துக்கு நேராக வரும்போதே இஹ்ராம் கட்ட வேண்டும் என்று தீர்மானித்தது.

இப்போது வேகத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். நிமிடத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் விமானம் போகிறது. மீகாத்தைக் கடந்த பிறகு ஜித்தாவில் இறங்க இருபது நிமிடம் முதல் அரை மணி வரைதான் ஆகும். "மீகாத் வருகிறது" என்று அறிவிப்பு வந்த பிறகு எழுந்து, பையைத் தேடி, கழிவறை வாசலில் வரிசையில் நின்று உடை மாற்றப் போனால், ஐந்து நிமிடத் தாமதத்தில் ஐம்பது கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அறிவிப்பு தூங்குபவரை எழுப்பாது. சில நேரம் அறிவிப்பே இல்லாமலும் போகலாம்.

நிய்யத் இல்லாமல் கடந்துவிட்டால், உம்ராவைத் தொடங்குமுன் மீகாத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் ஜித்தாவிலேயே கட்டினால் உம்ரா கூடும், ஆனால் ஹரம் எல்லைக்குள் ஓர் ஆடு அறுத்து தம் கொடுப்பது கடமையாகும்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: வீட்டிலேயே குளித்து, நகம் முடி களைந்து, இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்ளுங்கள். துணி உடுத்துவது மட்டும் இஹ்ராம் ஆகாது. நிய்யத்தே இஹ்ராம். ஆகவே துணியை முன்பே உடுத்துவதால் எந்தக் கட்டுப்பாடும் தொடங்கிவிடாது.

இரண்டு: இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே விழித்திருந்து, மீகாத் வருமுன் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்லுங்கள். தூங்கிவிடுவோம் என்ற பயம் இருந்தால் விமானம் ஏறியதுமே நிய்யத் வைக்கலாம். மீகாத்துக்கு முன்பே இஹ்ராம் கட்டினால் அது செல்லும். கடந்த பிறகு கட்டினால்தான் பிரச்சினை.

மூன்று: இஹ்ராம் துணி பெரிய பெட்டியோடு விமானத்தின் அடியில் போய்விட்டதா? பதறாதீர்கள். மீகாத்தில் நிய்யத்தைத் தவற விடாதீர்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, இருக்கும் துண்டையோ போர்வையையோ போர்த்திக்கொண்டு நிய்யத் வையுங்கள். கீழாடை கிடைக்காதவர் கால்சட்டை அணிந்துகொள்ளலாம் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குப் பரிகாரமில்லை. ஹனஃபீ மத்ஹபில் பரிகாரம் உண்டு. எதுவானாலும் துணிக்காக மீகாத்தை விடுவது கூடாது.

நான்கு: பெண்களுக்குத் தனி இஹ்ராம் துணி இல்லை. மாதவிடாய் வந்துவிட்டால் "எனக்கு இஹ்ராம் கிடையாது" என்று நினைத்து நிய்யத் இல்லாமல் மீகாத்தைத் தாண்டிவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள். அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் துல்ஹுலைஃபாவில் குழந்தை பெற்றபோது, குளித்துவிட்டு இஹ்ராம் கட்டும்படியே நபி (ஸல்) அவர்கள் உத்தரவிட்டார்கள். (முஸ்லிம்) ஆகவே அவர்களும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்ல வேண்டும். தொழுகையும் தவாஃபும் மட்டும் சுத்தமாகும் வரை இல்லை. இதை வீட்டுப் பெண்களிடம் கூச்சப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்து: முதலில் மதீனா போகிற பயணமாக இருந்தால், ஜித்தாவில் இறங்கி நேராக மதீனா போனாலும், சென்னையிலிருந்து இஹ்ராம் தேவையில்லை. மதீனாவிலிருந்து மக்கா வரும்போது துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்ளலாம். வளைகுடாவில் விமானம் மாறுபவர்கள் இரண்டாவது விமானத்தில் மீகாத்தைக் கவனிக்க வேண்டும்.

இது ஒரு சோதனை

அன்பானவர்களே! சுலைமான் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் காற்றை வசப்படுத்திக் கொடுத்தான். அதன் காலைப் பயணம் ஒரு மாத தூரம், மாலைப் பயணம் ஒரு மாத தூரம் என்று குர்ஆன் கூறுகிறது. (34:12) ஸபா நாட்டு அரசியின் சிம்மாசனம் கண் இமைக்கும் நேரத்தில் அவர்கள் முன் வந்து நின்றது. அதைக் கண்டதும் அவர்கள் பெருமைப்படவில்லை. நான் நன்றி செலுத்துகிறேனா, நன்றி மறக்கிறேனா என்று என் இறைவன் என்னைச் சோதிப்பதற்காக அளித்த அருள் இது என்றார்கள். (27:40)

தூரம் சுருங்கியதைக் கண்டு ஒரு நபி சொன்ன வார்த்தை அது. மாதக்கணக்கில் நடந்து போன பாதையை ஆறு மணி நேரத்தில் கடக்கும் நாமும் அதே சோதனையில்தான் இருக்கிறோம். மிச்சமான நாட்களுக்கு நன்றி என்ன? புறப்படுமுன் ஒரு வாரமாவது ஆலிம்களிடம் உட்கார்ந்து சட்டங்களைக் கற்பது நன்றி. போகும்போதும் வரும்போதும் ஒரு வக்தையும் விடாமல் தொழுவது நன்றி. பயணச்சீட்டுக்கும் தங்கும் விடுதிக்கும் எத்தனையோ பேரிடம் விசாரிக்கிறோம். மீகாத் எங்கே என்று ஒருவரிடமாவது விசாரிக்க வேண்டாமா?

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நாம் அனைவரும் அறிவோம். இதை எங்களுக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன் என்று தொடங்கும் அந்த துஆ, நாங்கள் எங்கள் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்று முடிகிறது. (43:13,14) ஊர் திரும்பும் தேதி சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அவனிடம் திரும்பும் தேதி நம் கையில் இல்லை. அந்தப் பயணத்துக்கும் இங்கிருந்தே தயாராகிப் போக வேண்டும்.

யா அல்லாஹ்! உன் இல்லத்தைத் தரிசிக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! போகிறவர்களின் பயணத்தை எளிதாக்கி, அவர்களின் தொழுகையையும் இஹ்ராமையும் குறையின்றி நிறைவேற்றும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! அவர்களை ஈமானோடும் ஆஃபியத்தோடும் குடும்பத்தாரிடம் திருப்பிச் சேர்ப்பாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!

வஆகிரு தஃவானா அனில்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.